மூன்றாம் சுற்று விதி

மார்ச் 3

தங்கைக்கு,

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். மின்னஞ்சலும் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் யாருடைய மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த எனக்குத் தெரியும். இந்தக் காலத்திலும் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். சிரித்து முடித்ததும் மேலே படி.

அப்பா போன வாரம் விழுந்துவிட்டார். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் இருக்கிற அறை உனக்கு நினைவிருக்கும். கோட்டைக்குக் கட்டியதுபோல் சுவர், ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. அங்கே ஈரத்தில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, மதியம் முழுக்க அப்படியே கிடந்திருக்கிறார். வேலை நாள் என்பதால் யாரும் கீழே வரவில்லை. சாயங்காலம் மேல்மாடி முடிதிருத்துகிறவர் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தார்.

சட்டைப் பையில் போன் இருந்தது. நீ பெருமையாக அனுப்பி வைத்த போன், உன் சிப்பை வைத்துச் சோதனைக்காகச் செய்த, இன்னும் கடைக்கு வராத போன்.

எனக்குக் கூப்பிட்டார். அப்பா எப்படிப் பேசுவார் என்று தெரியும் அல்லவா? வாழ்நாளெல்லாம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று காது பாதி போன மனிதர். "பெரிசு, கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார். எதிர்ப்பக்கம் "கேக்குது" என்று சொல்லும்வரை விஷயத்தை ஆரம்பிக்கவே மாட்டார். அன்றும் அப்படித்தான். அவர் கத்தியது எனக்கு வந்தது. "கேக்குதுப்பா, சொல்லுங்க" என்று நான் கத்தியது அவருக்குப் போகவில்லை. இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் "கேக்குதா?" மறுபடியும் அறுந்தது. விழுந்துட்டேன் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் மளிகைக் கடைக்காரருக்குச் சொல்வதுபோல் எழுதுகிறேன், ஏனென்றால் பொறியாளர் பாஷையில் உனக்குச் சொல்லித் தோற்றவள் நான். டவரிலிருந்து வருவது வழியில் அடிபட்டுத்தான் வரும். அதைச் சரிசெய்ய, கூடவே சரிபார்ப்புத் துணுக்குகளையும் அனுப்புகிறார்கள். போனுக்குள் இருக்கிற டிகோடர் அவற்றை வைத்துச் சுற்றுச் சுற்றாகத் திருத்தும். ஒவ்வொரு சுற்றுக்கும் பேட்டரி கரையும். நான் செய்த டிகோடர் முடிந்த மட்டும் விடாமல் சுற்றும். நீ செய்தது மூன்றாம் சுற்றில் நின்று எண்ணிப் பார்க்கும். பிழை வேண்டிய அளவு குறையவில்லையா, இது தேறாது என்று தூக்கி எறிந்துவிட்டு, மறுபடி அனுப்பு என்று டவரிடம் கேட்கும். வேகம், சிக்கனம், மேடையில் கைதட்டல், எல்லாம் சரி. ஆனால் குரலுக்குப் பொறுமை கிடையாது. ஓரிரு முறைக்கு மேல் கேட்க நேரமில்லை. அந்தக் கீழ்த்தளத்தில் வருவதெல்லாம் ஐந்தாம் சுற்றிலோ ஆறாம் சுற்றிலோ தேறியிருக்கும். உன் சிப் ஒவ்வொன்றையும் மூன்றாவதிலேயே கைகழுவியது.

ஆஸ்பத்திரியில் அந்தப் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. துளிச் சூடு இல்லை. அப்பா தரையில் கிடந்திருக்கிறார், உன் பேட்டரி தெம்பாக இருந்திருக்கிறது.

இந்த மாதம் முப்பதாம் தேதி அந்தச் சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறதாமே. அதை நிறுத்து.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

நீ அன்புள்ள என்று போடவில்லை, நானும் போடவில்லை.

அப்பா விழுந்த செய்தியை எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். தபாலில்! நான் இங்கே ஒரு வாரம் சாப்பிட்டு, தூங்கி, அலுவலகத்தில் ஜோக் அடித்துச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அப்பா இடுப்பில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார். நடுவில் ஒருமுறை அவரிடம் பேசினேன். "சளி புடிச்சிருக்கு, படுத்திருக்கேன்" என்றார். உன் கடிதம் வந்த பிறகு கேட்டால், சொல்ல வேண்டாம் என்று அவர்தான் உன்னிடம் சொன்னாராம், நீயும் சரி என்றாயாம். ஆனால் என்னைத் திட்ட வேண்டும் என்றதும் சத்தியமெல்லாம் காற்றில் போய்விட்டது. நல்ல அக்கா.

இப்போது நான் கேட்கிறேன், பதில் சொல். வரிசையாகக் கூப்பிட்டார் என்கிறாய். கத்தினார் என்கிறாய். உன் அலுவலகத்திலிருந்து அப்பா வீடு நாலு நிறுத்தம். நீ ஏன் எழுந்து போகவில்லை? "அப்பா வழக்கம்போல் கீழே துணி துவைக்கப் போயிருப்பார், மேலே வந்ததும் கூப்பிடுவார்" என்று நினைத்துக்கொண்டு உன் புது வேலையில் செய்கிற தண்ணீர் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா இல்லையா? நீயும்தான் கைகழுவினாய், சிப்பை மட்டும் சொல்லாதே.

சிப்தான் காரணம் என்று உனக்கு யார் சொன்னது? அந்தச் சுவருக்கு எந்தப் போனும் செத்துப்போகும். ஆன்டெனாவாக இருக்கலாம், அவர் போட்டிருக்கும் அந்தத் தடி தோல் உறையாக இருக்கலாம். எதையும் பார்க்காமல் நேராக என் டிகோடருக்கு வந்து நிற்கிறாயே, அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. வயிற்றெரிச்சல்.

ஆமாம், சொல்லிவிட்டேன். உன்னுடையதை ஒதுக்கிவிட்டு என்னுடையதை எடுத்தார்கள், அந்த நாளிலிருந்து நீ என்னிடம் நேராகப் பேசவில்லை. உன் டிகோடர் போட்ட போனைக் காதில் வைத்தால் இஸ்திரிப் பெட்டியை வைத்ததுபோல் இருந்தது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடம் நம் குழுவில் பாதிப்பேர் அட்டைப்பெட்டியில் சாமானை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளம் வந்தது என் மூன்றாம் சுற்று விதியால்தான்.

அப்பாவுக்கு இங்கிருந்தே நர்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் வந்தாளா என்று மட்டும் எழுது.

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

நர்ஸ் வந்தாள். நல்ல பெண், அப்பாவைவிடச் சத்தமாகப் பேசுகிறாள்.

நான் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நானே என்னிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், நீ அஞ்சல்தலை ஒட்டி அனுப்ப வேண்டிய அவசியமில்லை. ஆனால் நான் ஒருத்தி. என் தப்பு ஒரு மதியத்தோடு முடிந்தது. உன் விதி எத்தனை கோடி சட்டைப் பைகளுக்குப் போகப்போகிறது?

வயிற்றெரிச்சல் என்றாயே, இருக்கட்டும். எரிகிற வயிற்றோடுதான் உறையைக் கழற்றிப் பார்த்தேன். அதே அறையில், அதே இயந்திரத்தின் மேல், என் டிகோடர் இருக்கிற பழைய போனையும் உன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுவர் ஒன்று, சிக்னல் ஒன்று. என்னுடையது சுட்டுக்கொண்டே பேசியது, உன்னுடையது குளுகுளுவென்று செத்தது. இப்போது ஆராய்ச்சி என்று சொல்லலாமா?

எங்கே தப்பு நடந்தது என்றும் சொல்கிறேன். சிக்னல் வழியில் எப்படி அடிபடுகிறது என்று பிடித்து வைத்த அந்த இரைச்சல் பதிவு நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் தள்ளுவண்டியில் போன்களை அடுக்கிக்கொண்டு அலுவலக வாகன நிறுத்தத்தில் சுற்றிச் சுற்றிப் பதிவு செய்தோமே, காவலாளி நம்மைக் காய்கறிக்காரிகள் என்று கேலி செய்தாரே, அந்தப் பதிவு. இன்றைக்கும் ஒவ்வொரு சோதனையும் அதே பதிவில்தான் ஓடுகிறது என்று பந்தயம் கட்டுகிறேன். "மூன்றாம் சுற்றில் இவ்வளவு குறைந்தால்தான் தேறும்" என்கிற உன் எண் இருக்கிறதே, அதை நீ செதுக்கியதும் அந்த இரைச்சலில், சோதித்துத் தேர்ச்சி வாங்கியதும் அதே இரைச்சலில். வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டுப் போய் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறாய். திறந்தவெளி வாகன நிறுத்தத்தில் மூன்றாம் சுற்றில் தேறாதது எப்போதுமே தேறாது, உண்மைதான். கீழ்த்தளத்தில் அப்படியில்லை.

வேறு இரைச்சல் போட்டு ஓட்டிப் பார். ஒரே ஒரு முறை போதும். அப்புறமும் முப்பதாம் தேதி நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால், எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள். மிரட்டல்தான்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இரைச்சலை மாற்றக் கூடாது என்கிற விதியைப் போட்டது யார்? அந்தப் பதிவை முடித்த அன்று என்னை உட்கார வைத்து, "இத மட்டும் தொட்டுடாத, மாத்துனா போன வாரத்தோட ஒப்பிட முடியாது" என்று ஆள்காட்டி விரலை ஆட்டிச் சொன்னவள் நீ. அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் அதே விரலை ஆட்டி அதையே சொல்லிவருகிறேன். இப்போது நீ வெளியே போய் நின்றுகொண்டு, அதையே என் குற்றம் என்கிறாய். நன்றாக இருக்கிறது.

இங்கே என் நிலைமையை ஒரு நிமிடமாவது யோசித்தாயா? இந்தக் குழுவில் எனக்குக் கீழே இருக்கிறவர்களில் ஒருத்திக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒருவன் இந்தச் சிப்பை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். முப்பதாம் தேதியைத் தவறவிட்டால் தொழிற்சாலையில் நம் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த இடம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் நான் போய், "இன்னொரு இரைச்சல் போட்டுப் பார்க்கலாமா சார்" என்றால் மேலாளர் என்ன கேட்பார் தெரியுமா? "உங்க அக்கா சொன்னாங்களா?" என்பார். அப்படித்தான் கேட்பார். நீ போகும்போது கதவை அறைந்துவிட்டுப் போன சத்தம் இங்கே இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

நேற்று அப்பாவிடம் பேசினேன். உன் பெயரைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். என் பெயரைச் சொன்னால் உன்னிடமும் அப்படித்தான் செய்கிறாராம், நர்ஸ் சொன்னாள். இரண்டு மகள்களுக்கும் நடுவில் அந்த மனிதரை நன்றாகத்தான் படுக்க வைத்திருக்கிறோம்.

என்னால் நிறுத்த முடியாது.

தங்கை


மார்ச் 24

முடியாதா, பயமா?

விதி நான் போட்டதுதான். வாரா வாரம் ஒப்பிடுவதற்காகப் போட்டேன், அதிலேயே உன் எண்ணைச் செதுக்கிக்கொள் என்று சொல்லவில்லை. சரி, பாதிப் பழியை என் தலையில் போட்டுக்கொள். அதனால் அப்பாவுக்கு அந்த மதியம் திரும்பி வருமா?

நிறுத்தச் சொன்னதைக்கூட விடு, முதலில் பார்க்கச் சொல்கிறேன். நீ பார்க்க மாட்டாய். ஏனென்றால் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கையெழுத்துப் போட முடியாது. அந்த அளவுக்கு நீ நல்லவள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

உன் அந்த அரைப்பக்கக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்து எடுத்து இன்னும் பொடியாகக் கிழித்தேன். அதற்குப் பிறகும் கோபம் அடங்காமல், நீ சொன்னது பொய் என்று உன் முகத்தில் எறிவதற்காகவே, இந்தக் கட்டடத்துக் கொதிகலன் அறைக்குத் தனியாகத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கூட நடக்க இந்தமுறை யாரும் இல்லை. புதிய இரைச்சலைப் பதிவு செய்தேன், சோதனையில் போட்டு ஓட்டினேன்.

முடிவு என்னவென்று உனக்குத் தெரியும். நீ அங்கே தலையை ஆட்டிக்கொண்டு படிப்பது எனக்கு இங்கே தெரிகிறது. மூன்றாம் சுற்றில் என் விதி தூக்கி எறிந்தவற்றில் பெரும்பாலானவை, விட்டிருந்தால் தேறியிருக்கும். ஆறாம் சுற்றில், ஏழாம் சுற்றில், ஒழுங்காக, சுத்தமாகத் தேறியிருக்கும். அப்பா "கேக்குதா, கேக்குதா" என்று கத்திய ஒவ்வொரு முறையும் உன் பதில் அந்தப் போனுக்குள் வந்துவிட்டிருக்கிறது. வந்ததைத்தான் என் சிப் குப்பையில் போட்டிருக்கிறது.

கூட்டத்தில் சொன்னேன். மேலாளர் கேட்டார், "இந்த மாதிரி எடத்துல நின்னு பேசுறவங்க எத்தனை பேரும்மா இருப்பாங்க?" நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். "அதுல ஒருத்தர் எங்கப்பா" என்றேன். அது சொந்த விஷயம், அதையும் வேலையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன் என்றார். நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவர் போடுவார் என்றார். அப்படிப் போட்டால் இந்தச் சோதனை முடிவை போன் தயாரிப்பவர்களுக்கு நானே அனுப்புவேன் என்றேன். சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

முப்பதாம் தேதி வரைபடம் போகவில்லை. தொழிற்சாலையில் இடம் போய்விட்டது. குழுத் தலைமை இனி எனக்கில்லை. வீட்டுக்கு முன்பணம் கட்டியவன் என்னைத் தாழ்வாரத்தில் பார்த்தால் சுவரோரம் ஒதுங்கிப் போகிறான். பிரசவத்துக்குப் போனவள் மட்டும் பெண் குழந்தை என்று படம் அனுப்பினாள், வேறொன்றும் எழுதவில்லை.

இப்போது உனக்கு நல்ல செய்தி. அடுத்த இடம் கோடை முடிவில் கிடைக்குமாம். அதற்குள் புதிதாக எதையும் செய்து சோதிக்க நேரமில்லை, அதனால் உன் பழைய டிகோடரை அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்யப்போகிறார்கள். அது எல்லா இரைச்சலிலும் தேறுகிறது, நானே ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். சுடுகிறதே என்றால், சுட்டால் சுடட்டும் என்கிறார்கள். உன்னிடம் கேட்டுப் பழைய விவரங்களை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத்தான் இப்போது நான் இங்கே லாயக்கு.

ஜெயித்துவிட்டாய். வாழ்த்துகள். இனியாவது நிம்மதியாகத் தூங்கு.

தங்கை


ஏப்ரல் 11

அடியே,

வாழ்த்தை நீயே வைத்துக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், கூட்டத்தில் நீ பேசிய இடத்தை இரண்டு முறை. "சின்னவளா அப்படிச் சொன்னா?" என்று கேட்டார். சரி, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, உன் டிகோடரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடப்போகிறார்கள், இனி எங்கே விழுந்தாலும் பேசலாம் என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதற்கு அந்த மனிதர் சொன்னதைக் கேள். "உன் போனு எங்கம்மா என் கையில இருந்துச்சு? காலையில பேசுனா மத்தியானம் செத்துரும். எந்நேரமும் சுவத்துலதான் மாட்டிக் கெடக்கும், நான் பாட்டுக்கு வெறுங்கையோட கீழ போவேன் வருவேன். சின்னவ போனுதான் பாக்கெட்ல நின்னுச்சு. அது இருந்ததாலதான் கூப்பிடவாவது முடிஞ்சுது." சொல்லிவிட்டு, நர்ஸிடம் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார், ஏதோ சாதாரணமான ஒன்றைச் சொன்னதுபோல.

எனக்குத் தலையில் யாரோ தட்டியதுபோல் இருந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் உன்னைத் திட்டித் திட்டி எழுதினேனே, என்னுடையது இருந்திருந்தால் அப்பா ஒரு முறைகூடக் கூப்பிட்டிருக்க முடியாது என்பது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் கூப்பிட்டும் பதில் தொலைந்துபோனதற்கு நீ பொறுப்பு என்றால், அவர் வெறுங்கையோடு நடமாடியதற்கு நான் பொறுப்பு. யாருக்கு யார் வாழ்த்துச் சொல்வது?

அதனால் உன் மேலாளரிடம் போய்ச் சொல். பழைய விவரம் ஒரு பக்கம்கூடத் தர மாட்டேன். என்னுடையதை அந்தச் சிப்பில் போட்டால் கதவை அறைவதோடு நிற்க மாட்டேன், கதவைக் கழற்றிக்கொண்டுதான் போவேன்.

உன்னுடையதைச் சரிசெய். மூன்றாம் சுற்றில் நின்று எண்ணிப் பார்ப்பது அருமையான யோசனை. அது எனக்கு ஏன் வரவில்லை என்ற எரிச்சலில்தான் அன்றைக்கு அதைக் குப்பை என்றேன். ஆனால் நீ எத்தனை பிழை என்று மட்டும்தான் எண்ணுகிறாய். எவை என்று பார்ப்பதில்லை. எண்ணிக்கை குறையாவிட்டாலும் பிழைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம், விட்டால் தேறும். அதே பிழைகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தேறாது, அப்போது தாராளமாகத் தூக்கி எறி. இதைப் பார்க்கப் பெரிதாகப் பேட்டரி தேவைப்படாது. உன் சிக்கனத்தில் கொஞ்சம் குறையும், முக்கால்வாசி மிஞ்சும். கோடை முடிவதற்குள் சோதிக்க நேரமில்லை என்று அவர்கள் சொன்னால், சோதிக்கத் தெரிந்த இன்னொருத்தி தண்ணீர் மீட்டருக்கு விடுப்புப் போட்டுவிட்டு வரத் தயாராக இருக்கிறாள் என்று சொல். சம்பளம் கேட்பாள், அதையும் சொல்.

இத்தனையும் எழுதிவிட்டதால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. தபாலில் சொன்னதற்கு நீ கோபப்பட்டது நியாயம், நானும் அவரைக் கைகழுவினேன் என்று நீ எழுதியது இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது, அது ஆற நாளாகும். ஆனாலும் என்னுடையதைத் தூக்கிப் போடு, உன்னுடையதை வை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எத்தனை காகிதம் கிழிந்தது தெரியுமா, அந்தக் கோபத்தையும் சேர்த்து உன்மேல்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா